வீட்டுக்கு ஒளி தரும் கார்

கோடை இரவில் மின்சாரம் நின்று, குழந்தைகளோடு புழுங்கிய அனுபவம் நம்மவர் பலருக்கும் உண்டு. மின்சாரக் கார் அக்குறையைத் தீர்க்குமா?

2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் அயோனிக் 5 காரின் பாட்டரி 72.6 யூனிட் கொள்ளும். நாளுக்கு 8 யூனிட் செலவிடும் இல்லத்துக்கு அதில் பாதியே நான்கு நாள் போதும். ஆயினும், அது வெளியே தரும் 3.6 கிலோவாட் மின்சாரம் விசிறி முதலிய கருவிகளை நேரே இணைப்பதற்கே உரியது. அதனை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகினால், மின்சாரம் தெருக்கம்பியில் பாய்ந்து, அங்கே பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் குடிக்கக்கூடும்.

வீடு முழுவதற்கும் வேண்டுமாயின், அதற்கேற்ற காரோடு இருவழிச் சார்ஜரும், தெருக்கம்பியைத் துண்டிக்கும் சுவிட்சும் தேவை. ஜப்பானில் நிஸ்ஸான் லீஃப் காருக்கு இத்தகைய சாதனம் 2012-இலேயே வந்துவிட்டது.

ஆகவே அன்பர்களே, விலை பேசுமுன், “கருவிக்கு மட்டுமா, வீட்டுக்குமா?” என்று கேட்டுத் தெளிவீராக!