மழைநாளில் ஒரு கல்வெட்டு

பருவமழை விடாது பெய்யும் நாட்களிற் கொழும்புக்கு வருவோர், கடற்கரையில் உலாவ இயலாது நூதனசாலையை நாடுவதுண்டு. 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்மாளிகையின் கூடங்கள் அனைத்தையும் ஒரே பொழுதில் ஓடிப் பார்ப்பது வீண் அலைச்சல். ஒரு பொருளின் முன் அரைமணி நேரம் நிற்பதே மேல். தமிழ் நேயர்கள் அவ்வாறு நிற்கத் தக்கது, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு.

சீனத்து மிங் பேரரசரின் பெயரால் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அக்கல்லைக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்தார். அதன் சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி திருமாலின் அவதாரமாகிய தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. கடலோடிகளுக்கு எல்லாத் தெய்வங்களின் துணையும் வேண்டியிருந்தது போலும்! தமிழ் அன்று வணிகர் வழங்கிய துறைமுக மொழி. ஆதலின் அதற்கும் இடம் கிடைத்தது.

தேவேந்திரமுனையிலிருந்த நாயனார் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டு அழித்தனர். கல்லும் மறக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு பொறியியலாளர் ஒருவர் அதனைக் கண்டபோது, காலி நகரத்து மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. எழுத்துமுகம் கீழ்நோக்கியிருந்தமையால் வண்டிச் சக்கரங்களுக்குத் தப்பியது. பாரசீக வரிகள் பெரிதும் தேய்ந்துள்ளன. தமிழ் வரிகளைப் பழைய எழுத்துமுறையிற் பயிற்சியுடையோர் இன்றும் கூட்டி வாசிக்கலாம்.