தும்பா மக்கள் தந்த காணிக்கை

பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில், சொந்த ஊர்த் தேவாலயத்தை நினைந்து ஏங்காத குடும்பம் உண்டோ? நாம் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியும், முதன்முதல் திவ்விய நற்கருணை உட்கொண்ட பீடமும், முன்னோர் துயிலும் கல்லறையும் அங்கே, நாமோ இங்கே. கோயிலை விட்டு வந்தவர்க்கு நிறைவான விசுவாச வாழ்வு கிட்டுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை வெகுதூரத்தில் இல்லை. நம் நகருக்கு வடக்கே, தும்பாக் கடற்கரையில் இருக்கிறது.

1962-ஆம் ஆண்டளவில் விண்வெளி ஆராய்ச்சிக்கு இடம் தேடி வந்தார் அறிஞர் விக்ரம் சாராபாய். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருந்தமையால், மேல்வளி மண்டலத்தை ஆராயத் தும்பாவே தக்க இடமெனக் கண்டார். ஆனால் அங்கே அர்ச். மரிய மதலேனம்மாள் தேவாலயமும், அதைச் சூழ்ந்து மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா அவர்களிடம் சாராபாய் தம் வேண்டுகோளை வைத்தார். மேற்றிராணியார் உடனே விடை கூறாமல், ஞாயிறு பூசைக்கு வரச் சொன்னார். அன்று மக்கள் முன்னிலையில் விஷயத்தை எடுத்துரைத்து அவர்களது சம்மதத்தைக் கேட்டார் என்றும், கூடியிருந்தோர் ‘ஆமென்’ என்று விடையிறுத்தனர் என்றும் அப்துல் கலாம் நினைவுகூர்ந்துள்ளார்.

அந்த ஒரு சொல்லின் விலை யாது? கடலோடிக்குக் கரை என்பது வெறும் மணல் அன்று. அவன் வள்ளம் ஏறும் துறை, வலை உலர்த்தும் முற்றம், பெண்டிர் வழிபார்த்து நிற்கும் வாசல். அதையும் கோயிலையும் ஒருங்கே விட்டுக் கொடுத்தனர். பின்னர்ப் பள்ளித்துறையில் புதிய தேவாலயம் எழுந்தது உண்மையே. ஆயினும் பிறந்த மண்ணைப் பிரிவது எத்தகையது என்பதை நம்மிலும் நன்கறிந்தவர் யாவர்?

தேவாலயம் ஆராய்ச்சி நிலையத்தின் அலுவலகமாயிற்று. இராமேசுவரத்திலிருந்து வந்த இசுலாமிய இளைஞரான கலாமுக்கு ஜெபக்கூடமே முதல் ஆய்வுக்கூடம். மேற்றிராணியாரின் அறையே வரைபட அறை. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. சமணக் குடும்பத்திற் பிறந்தவர் கேட்டார், கத்தோலிக்கர் கொடுத்தனர், இசுலாமியர் அங்கே உழைத்தார். அக்கோயில் இடிக்கப்படாமல் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஞானஸ்நானம் முதலிய தேவதிரவிய அனுமானங்கள் ஏழும் நமக்குள் பூட்டி வைத்துக்கொள்ள அருளப்பட்டவை அல்ல. பிட்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை உட்கொள்பவன், தானும் பிறர்க்காகப் பிட்கப்படுதல் வேண்டும். பூசை முடிவில் குருவானவர் நம்மைச் சென்று வருமாறு அனுப்புவதும் இதன் பொருட்டே அன்றோ?

இந்தக் கரையோர மக்கள் அதை ஒரு முறையோடு நிறுத்திவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞம் முதலிய ஊர்கள் தம் மைந்தரைக் கடலுக்குப் பறிகொடுத்தன. அந்தக் கண்ணீர் உலர்வதற்குள், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் முதலிய ஊர்களுக்கு விரைந்து, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரைச் சாதி சமயம் பாராது மீட்டனர்.

அன்பர்களே! நம்மிடம் கொடுப்பதற்குக் கடற்கரையும் இல்லை, படகும் இல்லை. ஆனால் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து நோயாளிகள் நாடோறும் இந்நகரின் மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும் வருகின்றனர். மருந்துச் சீட்டையும் கையிற் பிடித்து, மலையாளம் அறியாது மயங்கி நிற்கும் தாய்மாரை அங்கே காணலாம். அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு நாவும், உடன் நடக்க இரண்டு கால்களும், பகிர்ந்தளிக்க ஒரு பிடி சோறும் நம்மிடம் உண்டு. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீடு திரும்பாமல், ஒரு மணி நேரம் அவ்வழி செல்வோமாக. நாம் விட்டுவந்த கோயிலை அங்கே மீண்டும் காண்போம்.