அரிசி டின்னில் ஓர் அந்துப்பூச்சி

"மாமா, ஊர்லேர்ந்து கொண்டுவந்த பொன்னி அரிசியில வண்டு விழுந்துடுச்சு. கோதுமைக்குப் போடற மாத்திரை ஒண்ணு கொடுத்தாங்க, போட்டுடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள் பக்கத்து வீட்டுப் பெண்.

பதறிவிட்டேன். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் விஷவாயு கிளம்பும். பூட்டிய வீட்டில் ஆளையே கொன்றுவிடும். முதல் வேலையாக அது வீட்டைவிட்டுப் போகட்டும் என்றேன்.

டின்னைத் திறந்தால் நாலைந்து பூச்சிகள் பறந்தன. வண்டென்றால் கெட்டி ஓடும் நீண்ட மூக்கும் இருக்கும். இது அந்துப்பூச்சி. அதிலும் எது என்று தெரிய வேண்டாமா?

நெல் அந்து வைக்கோல் நிறம். பின்னிறகின் நுனி விரல் நீட்டியதுபோல் குறுகி, ஓரமெல்லாம் நீண்ட மயிராக இருக்கும். அதன் புழு தானியத்துக்குள்ளேயே வளரும். இந்திய மாவு அந்துக்கு முன்னிறகின் அடிப்பகுதி வெளுப்பு, மீதி செம்பு நிறம். (பெயரில்தான் இந்தியா! அமெரிக்காவில் மக்காச்சோள மாவுக்கு 'இந்தியன் மீல்' என்று பெயர், அதிலிருந்து வந்தது.)

எங்களுக்குக் கிடைத்தது இரண்டுமில்லை. சாம்பல் கலந்த பழுப்பு. புள்ளியோ பட்டையோ கிடையாது, இறகு நரம்புகள் மட்டும் லேசாகக் கறுத்திருந்தன. பூதக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தோம். வாயருகே உள்ள உணர்நீட்சிகள் இரண்டும் மூக்குப்போல முன்னால் நீண்டிருந்தன. அது பெண்; ஆணுக்கு அவை குட்டை. அரிசியை அளைந்தால் மணிகள் நூலாம்படையில் கோத்துக் கட்டிகட்டியாக வந்தன. சந்தேகமே இல்லை, அரிசி அந்து. 1866இல் ஸ்டெயின்டன் விவரித்த கார்சைரா செபலோனிகா. செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சியானால் இவ்வளவு சுலபமில்லை. வயிற்று நுனியைக் காரத்தில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல வேண்டும்.

பறக்கும் பூச்சி தின்பதில்லை. தின்பதும் நூல் கட்டுவதும் புழுதான். ஆகவே கட்டிகளைப் பொறுக்கி எறிந்து, மீதியைச் சலித்து வெயிலில் பரப்பச் சொன்னேன். டின்னின் விளிம்பிலும் மூடி இடுக்கிலும் கூடுகள் ஒட்டியிருக்கும். அதைத் தேய்க்காவிட்டால் அடுத்த மாதம் திரும்ப இதே கதைதான்.

"இதையே ஆய்வுக்கூடத்துல கம்பு போட்டு வளர்க்கறாங்க, தெரியுமா?" என்றேன். இதன் முட்டையில்தான் டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய குளவியைப் பெருக்கி, கரும்பின் இடைக்கணுப் புழுவை ஒழிக்கத் தோட்டத்தில் விடுகிறார்கள்.

"வளர்க்கறாங்களா! நல்லா இருக்கு போங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.