செந்தேளும் சிறுநீர்ப்பையும்

மாமல்லபுரம் செல்லும் குடும்பங்கள் வழியில் வடநெம்மேலியில் இறங்கி, இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் நஞ்சை எடுக்கும் விதத்தைக் கண்டு வருவதுண்டு. 1978ஆம் ஆண்டு தொடங்கிய அச்சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் பாம்புக்கடி மருந்து செய்வோருக்கு அளித்து வந்துள்ளது. கொல்லும் பொருளே காக்கும் மருந்துக்கு மூலமாவதை அங்கே காண்கிறோம். தேளின் நஞ்சுக்கும் ஏறக்குறைய இத்தகையதொரு வரலாறு உண்டு. ஆனால் அது நம்மை அழைத்துச் செல்லும் இடமோ, வீட்டில் பேசவும் நாம் கூசும் ஓர் உறுப்பு: சிறுநீர்ப்பை.

நம் நாட்டுச் செந்தேளின் விஞ்ஞானப் பெயரில் 'டாமுலஸ்' என்னும் சொல் உண்டு. 1798ஆம் ஆண்டில் பெப்ரீஷியஸ் என்ற அறிஞர் இட்ட இப்பெயர் 'தமிழ்' என்பதை நினைவூட்டுகிறதன்றோ! இதன் கொட்டு குழந்தைகளின் இருதயத்தையே நிலைகுலையச் செய்ய வல்லது. (கொட்டியவுடன் மந்திரிப்பவரைத் தேடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மகாராஷ்டிரத்து மஹாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் பவாஸ்கர் 'பிரசோசின்' மாத்திரையின் பயனைக் காட்டிய பின், எத்தனையோ குழந்தைகள் பிழைத்தனர்.) அந்நஞ்சினின்று 1990ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஐபீரியோடாக்சின் என்பது அதன் பெயர். அது உயிரணுவின் பலவகைக் கதவுகளில் ஒரேயொரு வகையை மட்டும் தேடிச் சென்று அடைக்கும்.

கதவு என்றோமே, அது யாது? நாம் உண்ணும் உப்புகளில் உள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலியவை மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாக உடலில் உலவுகின்றன. இவற்றை அயனிகள் என்பர். உயிரணுவின் சுவரைத் தாமாகக் கடக்க இயலாத இவை, அதில் பதிந்துள்ள புரதக் கதவுகள் வழியே சென்று வருகின்றன. ஏரிகள் மிகுந்த செங்கற்பட்டுச் சீமையில் வாழும் நமக்கு மதகைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை.

சிறுநீர்ப்பையின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும். பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும். வியப்பு யாதெனில், உள்ளே வந்த கால்சியமே பொட்டாசியக் கதவைத் தட்டித் திறந்து, தனக்குத் தானே கடிவாளம் இட்டுக்கொள்கிறது. ஆகவேதான் ஏறத்தாழ 400 மில்லி வரை நிரம்பும் பை, நிரம்பும்வரை அமைதி காக்கிறது. செந்தேளின் புரதம் அடைப்பது இப் பொட்டாசியக் கதவையே. அடைத்துப் பார்த்தபோது தசை ஓயாது துடித்தது. அக்கதவே இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகள் சிறுநீரை அடக்க மாட்டாமல் சிந்தியதை 2004ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டியது.

பை நிரம்பியதை மூளைக்குச் சொல்வது யார்? அதுவும் ஒரு கதவே. லெபனானில் பிறந்த ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்த 'பீசோ' கதவுகள், உயிரணு இழுபடும்போது திறப்பவை. அவற்றுள் 'பீசோ 2' பிறவியிலேயே பழுதானவர்கள், பை நிரம்பியதை உணராமல் கடிகாரம் பார்த்துச் சிறுநீர் கழிப்பதை 2020இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறோம்? நம் இல்லங்களில் பாயை நனைக்கும் சிறுவன் அடிபடுகிறான். சேலை நனைந்துவிடுமோ என்று அஞ்சித் திருமணத்திற்கும் திருப்பலிக்கும் வராமல் ஒதுங்கும் மூதாட்டியை யாரும் காரணம் கேட்பதில்லை. கழிப்பிடம் இல்லாத அங்காடியில் நாள் முழுதும் மீன் விற்கும் தாய்மார்கள், தண்ணீர் குடிக்காமலே பொழுதைப் போக்குகின்றனர். அவர்களைக் குறை கூறுவதைவிட அங்காடிக்கு ஒரு கழிப்பிடம் கேட்பது நன்று. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிவடையும். கல் உண்டாகவும் கிருமி தொற்றவும் இடமேற்படும்.

எல்லாக் கசிவுக்கும் கதவே காரணமன்று. நீரிழிவு, கிருமித் தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பல பிரசவங்களால் தளர்ந்த அடித்தசை என வேறு காரணங்களும் உள. எளிய சிறுநீர்ச் சோதனையிலிருந்தே மருத்துவர் தொடங்குவார். தசையை இறுக்கிப் பழகும் பயிற்சியும், கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பழக்கமும் மருந்தின்றியே பலருக்குப் பயன் தருகின்றன.

இரத்தக் கொதிப்புக்குப் பலரும் உட்கொள்ளும் அம்லோடிபின், இரத்தக் குழாயின் கால்சியக் கதவுகளை அடக்கும் மாத்திரை. அதே வகைக் கதவுகள் சிறுநீர்ப்பையிலும் இருப்பதால், அம் மாத்திரையைத் தொடங்கிய பின் இரவில் அடிக்கடி எழ நேர்ந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள்.