விழுந்த மரத்துக்கு நாள் குறிக்கும் பனை

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில், கடலோரத்தை ஒட்டி லாஸ் டுக்ஸ்ட்லாஸ் என்ற எரிமலைப் பகுதி இருக்கிறது. அங்குள்ள மழைக்காட்டில், பெருமரங்களின் நிழலுக்குள் ஒரு குட்டைப் பனை ஏராளமாக வளர்கிறது. எவ்வளவு முதிர்ந்தாலும் ஏழெட்டு மீட்டரைத் தாண்டாது. தண்டு மெலிந்ததுதான், ஆனால் கை வைக்க முடியாது. உடம்பெல்லாம் கறுத்த தட்டை முட்கள். அஸ்ட்ரோகேரியம் மெக்சிகானம் என்பது அறிவியல் பெயர். உள்ளூரில் ‘சோச்சோ’. விரியாத பாளையை வெட்டி, உள்ளிருக்கும் இளம்பூவை முட்டையோடு சேர்த்துச் சமைப்பார்கள்.

இந்தப் பனைதான் காட்டியலாளர்களின் ஒரு பழைய சிக்கலை அவிழ்த்தது.

மழைக்காட்டில் பெருமரம் ஒன்று சாய்ந்தால் கூரையில் ஓட்டை விழுந்ததுபோல வெளிச்சம் தரை வரை இறங்கும். நிழலில் ஏங்கிக் கிடந்த கன்றுகள் எழும்பும், புது விதைகள் முளைக்கும். காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தத் திறப்புகளில்தான். ஆனால் அந்த மரம் எப்போது விழுந்தது? அடிமரம் மக்கிப்போயிருக்கும். சுற்றி நிற்கும் மரங்களின் ஆண்டு வளையங்களையும் அங்கே நம்ப முடியாது.

சாயும் மரம் சோச்சோவின் மேல் விழுந்தால் அந்தப் பனை பல நேரம் முறியாமல் மடங்கிப் படுக்கும். குருத்துக்கு அடிபடாவிட்டால் போதும், படுத்த இடத்திலிருந்தே தலையை வானத்தை நோக்கித் திருப்பி வளரத் தொடங்கும். படுத்த பகுதி மறுபடி நிமிராது. தண்டில் முழங்கை மடக்கியதுபோல ஒரு வளைவு நிலைத்துவிடும்.

இனிமேல்தான் கணக்கு. பனைக்கு ஒரே குருத்து, மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வரும். உதிர்ந்த ஒவ்வொரு மட்டையும் தழும்பை விட்டுச்செல்லும். தென்னை ஏறியவர்களுக்கு இது கால் அறிந்த விஷயம். ஆல், வேம்பு போலப் பனைத்தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. அதனால் தழும்புகள் புதைந்து மறைவதும் இல்லை. வளைவிலிருந்து உச்சி வரை 60 தழும்புகள், ஆண்டுக்கு இரண்டு மட்டை என்று வைத்துக்கொண்டால், மரம் விழுந்து 30 ஆண்டு.

ஆண்டுக்கு எத்தனை மட்டை என்பதைத்தான் பொறுமையாக அறிய வேண்டியிருந்தது. ஹோசே சாருகான், டேனியல் பின்யேரோ ஆகிய ஆய்வாளர்கள் 1975 முதல் இந்தப் பனைகளை அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். மிகேல் மார்டினெஸ் ராமோஸ், இவ்விருவரோடும் எலேனா ஆல்வாரெஸ் பூயாவோடும் சேர்ந்து, வளைந்த தண்டுகளைக் கொண்டு திறப்புகளின் வயதைக் கணிக்கும் முறையை 1988இல் வெளியிட்டார். கருவி என்று எதுவும் வேண்டாம், முள் குத்தாமல் எண்ணத் தெரிந்தால் போதும் என்பதில் எனக்குத் தனி வியப்பு உண்டு.

1998இல் லாஸ் டுக்ஸ்ட்லாஸ் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அந்தக் காட்டின் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்காக வெட்டப்பட்டிருந்தது. வெட்டப்பட்ட இடங்களில் எந்த மரம் எந்த ஆண்டு விழுந்தது என்று எண்ணிச் சொல்ல வளைந்த பனைகள் இல்லை.