பெட்டிக்குள் உறங்கும் குரல்கள்

மார்கழியில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை, மற்ற நாள்களில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், சஷ்டி வந்தால் சூலமங்கலம் சகோதரியரின் கந்த சஷ்டி கவசம். டேப் ரெக்கார்டரின் பொத்தான் 'டக்' என்று அமிழும் ஓசையோடு விடிந்த காலைகளை இன்றைய மூத்த தலைமுறை மறந்திருக்க இயலாது. அந்தக் கருவி பழுதாகிப் பரணேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேசட்டுகளோ, தூக்கியெறிய மனம் வராமல், இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் உறங்குகின்றன.

அவற்றுள் கடையில் வாங்கியவை பற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. அவை குறுந்தகடாகவும் இணையத்திலும் கிடைக்கின்றன. கவலைக்குரியவை வேறு. உள்ளூர்த் திருக்கோயில் குடமுழுக்கின்போது ஓதுவார் பாடிய பதிகம், ஊர்ப் பஜனை மடத்தில் ஏகாதசியன்று நடந்த நாமசங்கீர்த்தனம், வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் பாட்டி தம் குரலில் சொன்ன லலிதா சஹஸ்ரநாமம் போன்றவை எந்தக் கடையிலும் கிடைக்கா. உலகில் அவற்றுக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. அதுவும் நாடா மக்கிக்கொண்டிருக்கும் நிலையில்.

ஒரே படியை நம்பியிருப்பதன் ஆபத்தைச் சைவ அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளின்மேல் புற்று மூடியிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். மூவர் பாடிய எண்ணற்ற பதிகங்களுள் கரையான் விட்டுவைத்தவை 796 என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஏடு கிடைத்தபின்னும் இன்னொரு குறை இருந்தது: எந்தப் பண்ணில் பாடுவது என்பது தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்தே பண்முறை மீட்கப்பட்டது. எழுத்தை ஓலை காத்தது. இசையைக் காத்தது ஒரு மனிதக் குரல். நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தை மீட்டபோது தம் மருமக்கள் இருவருக்கும் அதை இசையோடு கற்பித்தார் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒருவரோடு நில்லாமல் இருவரிடம்!

இன்று இந்தப் பணிக்கு ஒரு கணினியும், ஓடக்கூடிய நிலையில் ஒரு டேப் ரெக்கார்டரும் போதும். நெடுநாள் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் பாடவிடலாகாது. முதலில் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, மறுபடி திருப்பிச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கிடக்கும் நாடா அதனால் பிரியும். வெண்பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. அறிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கேசட்டின் முதுகில் இருக்கும் இரு சிறு பிளாஸ்டிக் முனைகளை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. தாத்தாவின் பாராயணத்தின்மேல் சினிமாப் பாட்டு ஏறிவிட்ட வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பி வழியே கணினிக்கு ஒலியைச் செலுத்தி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் பதிந்துகொள்ளலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. வேவ் முறையில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. இடம் பிடிக்கும். பிளாக் முறையில், ஒலி சிறிதும் கெடாமல், ஏறத்தாழ பாதி இடத்தில் அடங்கும். எம்பி3 மிகச் சிறியது. ஆனால் ஒலியின் நுட்பத்தைச் சிறிது இழந்தே அது சிறுக்கிறது. கைப்பேசியில் கேட்க எம்பி3 போதும். காத்து வைப்பதற்குப் பிளாக்கே தக்கது. 100 கேசட்டுகள் இருந்தாலும் 30 ஜி.பி. அளவில் முடிந்துவிடும்.

கணினியில் ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று பலர் இருந்துவிடுகின்றனர். இதுவே பெரும்பிழை. கேசட் மெல்ல மங்கும். ஹார்ட் டிஸ்க்கோ முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் நின்றுவிடும். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தால் அதிலுள்ளது அழியக்கூடும். வீட்டில் பதிந்த குறுந்தகடு வெயிலிலும் வெப்பத்திலும் கெடும். எனவே மூன்று படிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நினைத்தால், மூன்று படிகளையும் ஒரே பீரோவில் வைப்பது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும். மதுரையில் பெற்றோர் இருந்தால் ஒரு படி பெங்களூரு மகள் வீட்டில் இருக்கட்டும்.

இணையவழிச் சேமிப்பையும் ஒரு படியாகக் கொள்ளலாம். கூகுளில் 15 ஜி.பி. வரை கட்டணமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாத கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடக்கூடும். கடவுச்சொல் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அதுவும் தில்லையின் பூட்டிய அறைதான். கைப்பேசியும் கணினியும் தாமே ஒத்திசையும் ஏற்பாட்டையும் காப்புப் படி என்று எண்ணிவிடலாகாது. ஓரிடத்தில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும்.

முதியோர் மட்டுமே செய்யக்கூடிய பணி ஒன்றும் இதில் உண்டு. 'டிராக் 01' என்ற பெயரில் கிடக்கும் கோப்பில் பாடுவது யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று பேரனுக்குத் தெரியாது. கேட்டவுடன் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். பேரன் பதியும்போது அருகில் அமர்ந்து, பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, பண் அல்லது ராகம், உடன் வாசித்தவர் ஆகியவற்றைச் சொல்லச் சொல்ல, அவன் கோப்பின் பெயராக இடட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கட்டும். ஆண்டு நினைவில்லையென்றால் 'மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தைய பங்குனி உத்திரம்' என்று எழுதினாலும் போதும்.

ஆண்டுக்கொருமுறை இவற்றைச் சரிபார்க்க நம் மரபிலேயே ஒரு நாள் இருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு அந்த ஹார்ட் டிஸ்க்கையும் பூஜையில் வைக்கலாம். மறுநாள் விஜயதசமியில் புத்தகத்தைப் பிரித்துப் படிப்பதுபோல அதையும் இணைத்து, சில பதிவுகளை வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்கலாம். திறக்க மறுக்கும் கோப்பு ஏதேனும் இருந்தால், மகள் வீட்டுப் படியிலிருந்து அன்றைக்கே மீண்டும் எடுத்துவிடலாம். பழைய கேசட்டுகளையும் எறிந்துவிட வேண்டாம். ஈரமில்லாத இடத்தில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாமல், பெட்டியிலேயே இருக்கட்டும்.