உஷார்! லட்டு உருண்டைக்குள் ஆரத்திக் கற்பூரம்

புரட்டாசி பிறந்தால் சித்தூர், திருப்பதிப் பக்கத்து வீடுகளில் பூந்திக் கரண்டி பரணிலிருந்து இறங்கிவிடும். மலையேற முடியாதவர்கள் வீட்டிலேயே ‘திருப்பதி லட்டு’ பிடித்துப் பெருமாளுக்குப் படைப்பார்கள். பாகு முறுகிப்போகும், பூந்தி தட்டையாகும், உருண்டை உதிரும். அதெல்லாம் போனால் போகட்டும். ஆனால் ஒரு தவறு உயிரோடு விளையாடுகிற தவறு. அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சித்தூரில் என் அத்தை வீடு. புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. பூந்தி தேய்த்து எடுத்தாயிற்று, பாகும் கம்பிப் பதத்துக்கு வந்துவிட்டது. “கோயில் வாசனை வரணும்னா பச்சைக் கற்பூரம் போடணும் அண்ணி” என்று சித்தி சொல்ல, பத்து வயதுப் பையன் கடைக்கு ஓடினான். அவன் அங்கே கேட்டது தெலுங்கில் “கர்ப்பூரம் இவ்வண்டி”, அதாவது “கற்பூரம் கொடுங்கள்” என்று மட்டும்தான். எல்லாரும் எதைக் கேட்பார்களோ அதைக் கடைக்காரர் கொடுத்தார்: சாமிக்குக் கொளுத்தும் ஆரத்தி வில்லை. அத்தை உறையைப் பார்க்கவில்லை. நான்கு வில்லையை உள்ளங்கையில் வைத்து நுணுக்கிப் பாகில் தூவிவிட்டார். குப்பென்று ஆவி மூக்கில் ஏறிய பிறகுதான் மாமா உறையைக் கையில் எடுத்தார். “ஏம்மா, இது கொளுத்துற கற்பூரமாச்சே!” அதற்குள் விரலால் தொட்டு ருசி பார்த்திருந்த சித்திக்கு நாக்கும் தொண்டையும் எரிச்சல். ஒரு அண்டா பாகையும் பூந்தியையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் வீட்டிலிருந்த ஐந்து குழந்தைகளும் தின்றிருப்பார்கள்.

ஆரத்திக் கற்பூரம் உணவுப் பொருள் கிடையாது. பைன் மரத்திலிருந்து வரும் டர்பன்டைனை மூலப்பொருளாக வைத்து ஆலையில் தயாராவதுதான் இன்று பெரும்பாலும் கடைக்கு வருகிறது. எரிப்பதற்கென்று செய்த பொருளை யாரும் வாய்க்கு ஏற்றபடி சுத்தம் செய்வதில்லை. “பச்சைக் கற்பூரம் என்றால் பயமில்லையே” என்று நினைக்காதீர்கள். அந்தப் பெயரில் விற்பதிலும் பெரும்பாலும் இருப்பது அதே கற்பூரச் சத்துதான். தூய்மை கூடுதல், அவ்வளவே. அளவு மீறினால் அதுவும் விஷம்தான்.

அந்த அளவு எவ்வளவு என்று தெரிந்தால் பகீரென்றிருக்கும். வெறும் 1 கிராம் கற்பூரம் சின்னக் குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவ நூல்களில் பதிவு உண்டு. ஆரத்தி வில்லை இரண்டு மூன்று சேர்ந்தால் அந்த எடை வந்துவிடும். வயிற்றுக்குள் போன ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். வாய் எரியும், குமட்டும், வாந்தி வரும், பிள்ளை நிலைகொள்ளாமல் தவிக்கும். பிறகு வலிப்பு. சில குழந்தைகளுக்கு முன்னறிவிப்பே இல்லாமல் நேராக வலிப்பு வந்துவிடும். இதற்கு முறிமருந்து என்று ஒன்று கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாற்றுவதுதான் டாக்டர்கள் செய்யக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து, ஏனென்றால் கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை எட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது.

அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடும் விபத்துகள் தொடர்ந்ததால், 1982-ல் அந்த எண்ணெயையே கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு பொருள்கள், அவ்வளவுதான் காரணம். நம் வீட்டு இரட்டையர் கல்கண்டும் கற்பூரமும். திருப்பதி லட்டைக் கடிக்கும்போது பல்லில் நறுக்கென்று படும் வெள்ளைத் துண்டு எது? கல்கண்டு. அதைத் தேடித் தேடித் தின்று பழகிய பிள்ளை, பூஜை அலமாரியில் வெள்ளையாகப் பளபளப்பதைப் பார்த்தால் என்ன செய்யும்? எத்தனை வீடுகளில் இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில், ஒரே தட்டில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன!

இத்தனைக்கும் லட்டுக்குக் கற்பூரம் தேவையா என்பதே கேள்வி. 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டுக்கு, தேவஸ்தானத்தில் ‘திட்டம்’ என்று ஒரு கணக்கு உண்டு. பத்திரிகைகளில் பலமுறை வந்த கணக்குதான்: 5,100 லட்டுக்குக் கடலைமாவு 180 கிலோ, பசுநெய் 165, சர்க்கரை 400, முந்திரி 30, திராட்சை 16, கல்கண்டு 8, ஏலக்காய் 4. மொத்தம் 803 கிலோ. இந்தப் பட்டியலில் கற்பூரம் இல்லை. வீட்டுக்கு வகுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ லட்டுக்குச் சர்க்கரை அரை கிலோ, மாவு 225 கிராம், நெய் 205, முந்திரி 37, திராட்சை 20, கல்கண்டு 10, ஏலக்காய் 5. குறித்துக்கொள்ளுங்கள், இது போதும்.

இல்லை, எங்களுக்குப் பச்சைக் கற்பூரம் போட்டே பழக்கம் என்பவர்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘பூஜைக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு கிலோ லட்டுக்கு ஓர் அரிசி மணி அளவு. மிளகளவைத் தாண்டவே கூடாது. அதையும் ஒரு கரண்டி சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்து, அடுப்பை அணைத்துக் கலவை ஆறிய பிறகு கலக்க வேண்டும்.

ஏன் ஆறிய பிறகு? கற்பூரத்தின் ஆவி ஏறக்குறைய 65 டிகிரி சூட்டிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பூந்தி பொரியும் நெய் 170, 180 டிகிரியில் காய்கிறது, கீழே கேஸ் ஜ்வாலை. அந்த வாணலிக்குள் கற்பூரத்தைப் போடுவதும் நெருப்புக்கு அழைப்பு வைப்பதும் ஒன்று. நெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். எரியும் நெய்யைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் வாணலியை மூடிவிட்டு அப்படியே விடுங்கள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள்.

பிள்ளை கற்பூரத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், ஏன் சந்தேகம் வந்தாலே, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்திக்கு நடுவில் வலிப்பு வந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பால், நெய், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள், கற்பூரம் கொழுப்பில் கரையும் பொருள். வாயைத் துடைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மீதிக் கற்பூரத்தையும் உறையையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். “இப்போ நல்லாத்தானே விளையாடுறான், பார்த்துக்கலாம்” என்று மட்டும் உட்காராதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பூஜை அலமாரியைத் திறந்து பாருங்கள். கற்பூர டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், கல்கண்டைச் சமையலறைக்கு மாற்றுங்கள். கடைக்குப் பிள்ளையை அனுப்பினால் “கற்பூரம்” என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், எழுதிக் கொடுங்கள். வாங்கி வந்ததும் உறையைப் படியுங்கள். வரும் சனிக்கிழமை லட்டு பிடிக்கிறீர்கள் என்றால், வாசனைக்கு ஏலக்காய் மட்டும் போடுங்கள்.